எனோக் ஹவிரா நினைவுப் பேருரை

எனோக் ஹவிரா எப்படிச் செத்தார் என்பது எங்கள் தீவுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். இருபது வருஷத்துக்கு முந்தைய கலவரக் காலத்தில் லுங்காவேரா என்ற சின்ன ஊரின் நில அலுவலகத்தில் அவர் ஆவணக் காப்பாளர். துப்பாக்கிக் கும்பல் ஒன்று உள்ளே புகுந்து பட்டாக்களுக்குத் தீ வைத்தது. தடுக்கப் போன எனோக்கைக் காட்டுக்கத்தியால் வெட்டிப் போட்டது. ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. எல்லோரும் சொல்வது இதுதான். எங்கள் சங்கத்தின் மலர்களில் அச்சாகியிருப்பதும் இதுதான்.

தலைநகர் ஹோனியாராவில் இருக்கிற எங்கள் ஆவணக் காப்பாளர் சங்கம் வருஷா வருஷம் அவர் பெயரில் ஒரு பேருரை நடத்தும். மனிதன் தகவலை எப்படிச் சேர்த்தான், எப்படி அடுக்கினான், எப்படித் தேடி எடுத்தான் என்பதன் வரலாறுதான் எப்போதும் பொருள். போன முறை பிரிஸ்பேனிலிருந்து வந்தவர் இரும்பு அலமாரியைப் பற்றியே ஒரு மணி நேரம் பேசினார். பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் வெளியே மாமரத்தடியில் சூடான கற்களில் வெந்துகொண்டிருந்த பன்றியின் வாசனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நான் ஆம்புரோஸ், மகிரா தீவுக்காரன், சங்கத்தின் செயலாளர். நாற்காலி போடுவதும் மைக்கைத் தட்டிப் பார்ப்பதும் என் வேலை.

அந்தப் பன்றி சங்கத்துடையது அல்ல. பிலிமோன் மாயெலாசி கொண்டுவருவது. பிலிமோன் மலைட்டாத் தீவுக்காரர். அவருடைய அப்பா லுங்காவேராவில் அந்தத் தீவின் பூர்வ குடிகளான குவாடல்கனால் குடும்பம் ஒன்றிடம் முறையாக நிலம் வாங்கி, எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் வீடு கட்டி வாழ்ந்தவர். உள்ளூர்க்காரர்கள் மலைட்டாக்காரர்களை விரட்டிய கலவரத்தில் அவர்களும் துரத்தப்பட்டார்கள். அமைதி வந்தபிறகு திரும்பிப் போனால் வீட்டில் வேறு ஆட்கள். "உன் நிலம்னா பட்டாவைக் காட்டு" என்றார்கள். பட்டா எரிந்துபோயிருந்தது. அன்றிலிருந்து தலைநகருக்குக் கிழக்கே ஓடைக்கரைச் சேற்றில்தான் அந்தக் குடும்பம். அப்படியும் வருஷம் தவறாமல் பன்றியோடு வந்துவிடுவார். "எங்க பேப்பரைக் காப்பாத்தப் போயி செத்த மனுசன். நான் வராம யார் வருவா?" என்பார். தன் மூத்த மகனுக்கு எனோக் என்றே பெயர் வைத்திருந்தார்.

இந்த முறை பேசப்போவது எனோக்கின் மகள் டோர்கஸ். எங்களோடு தலைநகர்க் காப்பகத்தில் வேலை பார்க்கிறவள். எத்தனையோ முறை கேட்டும் மறுத்தவள், அவள் அம்மா இறந்த பிறகு தானாகவே வந்து "நான் பேசறேன்" என்றாள். சங்கத் தலைவர் செட்ரிக்குக்குத் தலைகால் புரியவில்லை. நாட்டில் ஒவ்வொரு குடும்பமும் எந்தத் தீவு, எந்தக் குலம், எந்த வீடு என்று ஒரே கணினியில் சேர்க்கும் திட்டம் அப்போது வரவிருந்தது. அதிகாரிகளும் வந்திருந்தார்கள்.

"அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை, புதுத் திட்டத்தைப் பத்தி நாலு வார்த்தை. நல்லா முடிச்சிடும்மா," என்றார் செட்ரிக்.

"முடிச்சிடறேன் சார்," என்றாள் டோர்கஸ்.

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அவள் தம்பி க்ளெமென்ட், துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவன், தோள் இரண்டும் கதவை அடைக்கும். இசபெல் தீவிலிருந்து வந்த அவர்களுடைய உறவுக்காரர்கள் அவனைச் சுற்றி. பின்வரிசையில் பிலிமோனும் ஓடைக்கரைப் பையன்களும். மேடையில் எனோக்கின் பெரிய படம், பூமாலையோடு.

டோர்கஸ் எழுதி எதுவும் கொண்டுவரவில்லை.

"மனுசன் முதல்முதல்ல எழுதி வெச்சது பாட்டு இல்ல, சாமி கதை இல்ல," என்று ஆரம்பித்தாள். "யாருகிட்ட எத்தனை ஆடு இருக்கு, யாரு எந்த வயல்ல இருக்கான். அதைத்தான். எழுதினவன் வரி வாங்கறவன். அவனுக்குப் பின்னாடியே ஈட்டியோட ஒருத்தன் நின்னான். பட்டியல்னு ஒண்ணு இருந்தா அதைக் கேட்டு ஒருநாள் ஆயுதத்தோட ஆள் வரும். எங்க வரலாறு மொத்தமும் அவ்வளவுதான். இதை நான் புத்தகத்துல படிக்கல."

செட்ரிக் புன்னகையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"அப்ப எனக்குப் பதினாலு வயசு. ஸ்கூலை மூடிட்டாங்க. அப்பாகூட ஆபீஸ்லதான் இருப்பேன். ஒருநாள் அவனுங்க வந்தானுங்க. தண்ணிக் குழாயை அறுத்துச் செஞ்ச துப்பாக்கி. உலகப் போர்ல ஜப்பான்காரன் விட்டுட்டுப் போன துருப்பிடிச்ச குண்டு. ஆத்தோரக் குடியிருப்போட டிராயர் வேணும்னானுங்க. அப்பா சாவி இல்லைன்னார். குழாயை என் வாய்க்குள்ள விட்டானுங்க. பல்லு உடைஞ்சுது. அப்பா சாவியைக் குடுத்துட்டார்."

கூடத்தில் யாரோ மெல்ல "அய்யோ" என்றார்கள். இந்தப் பகுதியை யாருமே கேட்டதில்லை.

"எண்ணெய்ப்பனைத் தோட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். எந்த வரிசையில நின்னு பார்த்தாலும் ஒரே மாதிரி. வெளியாளு உள்ள போனா வழி தெரியாம சுத்துவான். அந்த டிராயர்ல வரைபடம் இருந்துச்சு. எந்த வரிசை, எந்த வீடு, வீட்டுக்காரன் எந்தத் தீவு, பிள்ளைங்க எத்தனை. எல்லாம் அப்பா கையால சுத்தமா எழுதினது. விடியற்காலையில அதைக் கையில வெச்சிக்கிட்டு வீடு வீடாப் போனானுங்க. ஒரு வீட்டுக்கும் வழி தப்பல. கதவைத் தட்டி, பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, வெளிய வந்தவனை வெட்டினானுங்க. பேரு தெரிஞ்சு கூப்பிட்டா நம்ம ஆளுன்னுதானே நினைப்போம்? தொறந்துட்டாங்க."

அவள் தண்ணீர் குடிக்கவில்லை, நிறுத்தவுமில்லை.

"பாதிரியாரோட போயி லாரியில பொணம் ஏத்தினவங்கள்ல அப்பாவும் ஒருத்தர். திரும்பி வந்தப்ப சட்டை ரத்தம் காஞ்சு மொடமொடன்னு நின்னுச்சு. கெணத்தடியில குந்தி வாந்தி எடுத்தார். என்கிட்ட ஒண்ணுதான் சொன்னார். ‘கதவுல இருந்த நம்பரெல்லாம் நான் எழுதின நம்பர், டோர்கஸ்.' மறுநாள் மண்ணெண்ணெய் வாங்கிட்டு வந்தார்."

இதைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு நாற்காலி அசைந்த சத்தம் வந்தது.

"மீதி டிராயரையெல்லாம் எடுத்துக்குடுத்தது நான். முற்றத்துல எண்ணெய் டிரம்முல போட்டு எரிச்சது எங்கப்பா. அவனுங்க எரிக்கல. அவனுங்க அதைத் தேடித்தான் வந்தானுங்க. வந்தப்ப சாம்பல் சூடா இருந்துச்சு. ‘பட்டாவெல்லாம் எங்கடா?'ன்னு கேட்டான் தலைவன். அப்பா சொன்னார், ‘ரொம்பக் குளிரா இருந்துச்சு தம்பி, தீ காஞ்சோம்'னு. அதுக்குத்தான் வெட்டினானுங்க. முதல்ல வலது கை. அப்புறம் கழுத்து. ஒரே வெட்டுல சாகல. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி இருந்து நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். கத்தி மொக்கை."

செட்ரிக்கின் புன்னகை எப்போதோ போயிருந்தது. எழுந்து மைக்கைப் பிடிக்கப் பார்த்தார். டோர்கஸ் அவர் கையைத் தள்ளினாள்.

"கும்பல்தான் எரிச்சுதுன்னு ஊருக்குச் சொன்னது எங்கம்மா. நிலத்தை இழந்தவங்க எங்க மேல பாஞ்சிடுவாங்கன்னு பயம். அம்மா போய்ட்டாங்க. இனிமே அந்தப் பொய்யை நான் சுமக்க மாட்டேன். இப்ப ஒரு புதுப் பட்டியல் வருது. எங்கப்பா டிரம்முல எரிக்க முடிஞ்சுது. இதை எதுல போட்டு எரிப்பீங்க?"

யாரும் கைதட்டவில்லை.  பிலிமோன் நடு வழியில் நின்றுகொண்டிருந்தார். வெற்றிலைக் காவி படிந்த வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"தங்கச்சி, இன்னொரு தடவை சொல்லு. யார் எரிச்சது?"

"அப்பாதாண்ணே."

"எங்க பேப்பரையுமா?"

"எல்லாத்தையும்தாண்ணே."

"நான் என் மகனுக்கு அந்தப் பேரை வெச்சேன்." அவர் குரல் உயரவே இல்லை. "எங்கம்மா ஓடைத் தண்ணி வீட்டுக்குள்ள வந்து, கட்டில்லயே மூழ்கிச் செத்தா. சாகற அன்னிக்குக் காலையிலகூட அந்தாளுக்கு ஜெபம் பண்ணினா. வருஷா வருஷம் பன்னி சுமந்துட்டு வந்து உங்களுக்கு ஊட்டியிருக்கேன். கேனைப்பய நான்."

"பிலிமோன், உக்காருங்க, பேசிக்கலாம்," என்றார் செட்ரிக்.

"நீ மூடு."

க்ளெமென்ட் எழுந்தான். "எங்கப்பாவை ஒரு வார்த்தை சொன்னீன்னா தூக்கிப் போட்டுருவேன்."

"உங்கப்பனைச் சொல்ல என்னடா இருக்கு? அதான் உங்கக்காவே சொல்லிட்டாளே."

சொல்லிவிட்டு பிலிமோன் வெளியே போனார். கோபத்தில் கிளம்பிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் போனது மாமரத்தடிக்கு. பன்றியை அறுக்கக் கொண்டுவந்த காட்டுக்கத்தி அங்கே பலகையில் குத்தி நின்றிருந்தது. அவர் அதோடு திரும்பி வந்தபோது கத்தியில் கொழுப்பு வழிந்துகொண்டிருந்தது.

முதல் வெட்டு படத்துக்கு. மாலை அறுந்து, கண்ணாடி சிதறி, எனோக்கின் முகம் நெற்றியிலிருந்து மோவாய்வரை கிழிந்தது. அதோடு நிறுத்துவார் என்று தோன்றிய ஒரு கணம் இருந்தது. டோர்கஸ் ஓடவில்லை, அவரைப் பார்த்தபடி நின்றாள். "அண்ணே," என்றாள். அந்தச் சொல்தான் அவரைத் திருப்பியதோ என்னவோ. கத்தி அவளை நோக்கி இறங்கியது. அவள் வலது கையை உயர்த்தினாள். கத்தி கையில் பாய்ந்து மேடையிலிருந்த மேசையில் பதிந்து நின்றது. அவள் கத்தவில்லை. தன் கையைப் பார்த்தாள். சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் மேசை விரிப்பின்மேல் கிடந்தன.

நான் பிலிமோனின் காலைக் கட்டிக்கொண்டு விழுந்தேன். யாரோ என் விலாவில் உதைத்தார்கள். எலும்பு முறிகிற சத்தம் எனக்கே கேட்டது. க்ளெமென்ட் இரும்பு நாற்காலியைத் தலைக்குமேல் தூக்கி பிலிமோனின் முதுகில் அடித்தான். உடனே ஓடைக்கரைப் பையன்கள் முன்னால் பாய்ந்தார்கள். இசபெல்காரர்கள் அவர்களை எதிர்கொண்டார்கள். அதற்குப்பிறகு யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடிச் சட்டங்களை உருவி எறிந்தார்கள். அதிகாரி ஒருவரின் வெள்ளைச் சட்டை கண்ணெதிரே சிவப்பானது. "மலைட்டா நாயே!" என்று ஒருவன் கத்தினான். இருபது வருஷமாக யாரும் பொது இடத்தில் உரக்கச் சொல்லாத வார்த்தை அது. அதைக் கேட்டதும் வெளியே தெருவில் சும்மா நின்றவர்களும் கல்லோடு உள்ளே வந்தார்கள். செட்ரிக் மேசைக்கு அடியில் கிடந்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிலிமோனை முற்றத்துக்கு இழுத்துப்போனார்கள். நான் விலாவைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை தவழ்ந்தேன். க்ளெமென்ட் அவர் நெஞ்சின்மேல் மண்டியிட்டிருந்தான். கையில் அடுப்புக் கல், இன்னும் சூடு ஆறாதது. அவன் உள்ளங்கை பொசுங்குகிற நாற்றம் வந்தது. அதால் முகத்தில் குத்தினான். முதல் குத்தில் மூக்கு. இரண்டாவதில் இடது கண். பிலிமோன் கையைக்கூடத் தூக்கவில்லை.

"க்ளெமென்ட், கல்லைப் போடு!" டோர்கஸின் குரல். மேசை விரிப்பைக் கையில் சுற்றியிருந்தாள். அது முழுக்க நனைந்து சொட்டியது.

"உன் விரலை வெட்டியிருக்கான்கா!"

"என் விரல். உன்னுது இல்ல. போடு!"

அவன் மறுபடி கல்லை ஓங்கினான். டோர்கஸ் இடது கையால் மைக் தாங்கியைத் தூக்கி, தன் தம்பியின் தோளில் முழுப் பலத்தோடு இறக்கினாள். அவன் பக்கவாட்டில் சரிந்தான். கல் உருண்டது. மறுபடி அடிப்பதற்குத் தாங்கியை ஓங்கியபடியே அவள் பிலிமோனின் தலைமாட்டில் நின்றாள். இசபெல்காரர்களில் ஒருவனும் பக்கத்தில் வரவில்லை. சொந்தத் தம்பியையே அடித்தவளிடம் என்ன பேசுவது? போலீஸ் வரும்வரை அப்படியே நின்றாள். வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் தாங்கியை விட்டுவிட்டுக் கீழே விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் கட்டில் போதவில்லை. அன்று நகரத்தில் இன்னும் இரண்டு இடங்களில் கைகலப்பு பரவியிருந்தது. தாழ்வாரத்தில் வரிசையாகப் படுக்கப் போட்டார்கள். எனக்கு ஒரு பக்கம் டோர்கஸ். மறுபக்கம் பிலிமோன், கட்டில் கம்பியில் விலங்கோடு. பாதி முகம் கட்டுக்குள். காவலுக்கு இருந்த போலீஸ்காரன் பாக்கு மென்றபடி ஜன்னலோரம் நின்றான்.

வெகுநேரம் கழித்து பிலிமோன் பேசினார். "எங்க டிராயரையும் நீதான் எடுத்துக்குடுத்தியா?"

"ஆமாண்ணே."

"எங்கப்பா பேரைப் பாத்தியா?"

"பாக்கல. எல்லாம் ஒரே மாதிரிதான் எரிஞ்சுது."

 பிறகு, யாரிடமும் இல்லாமல் கூரையைப் பார்த்துச் சொன்னார். "உங்கப்பா செத்தப்புறம் அவனுங்க எங்க பக்கமும் வந்தானுங்க. எங்கப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே வரிசை வரிசையாச் சுத்தினானுங்க. நாங்க உள்ளதான் இருந்தோம். எங்கம்மா என் தங்கச்சி வாயைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தா. வீடு கண்டுபிடிக்க முடியாம போய்ட்டானுங்க. கடவுள் அவனுங்க கண்ணைக் கட்டிட்டார்னு எங்கம்மா சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தா." ஒற்றைக் கண்ணால் டோர்கஸைத் திரும்பிப் பார்த்தார். "கடவுள் இல்ல. மண்ணெண்ணெய்."

டோர்கஸ் அழ ஆரம்பித்தாள். மேடையிலும் அழாதவள், விரல் போனபோதும் அழாதவள்.

"அழாத. எனக்கு இன்னும் உம்மேல கோபம்தான்," என்றார் பிலிமோன். "உசிரைக் காப்பாத்தினாரு, சரி. அதுக்கப்புறம்? இருபது வருஷமா நாங்க பட்டா இல்லாத பசங்கன்னு நாய் மாதிரி அலைஞ்சப்ப நீயும் உங்கம்மாவும் வாயைத் திறந்தீங்களா? ‘ஆமா, பட்டா இருந்துச்சு, ஆபீஸ்தான் எரிச்சுது'ன்னு ஒரு வார்த்தை? அதைச் சொல்லியிருந்தா ஏதாவது வழி இருந்திருக்குமில்ல?"

"இருந்திருக்கும்."

"அப்ப போயி சொல்லு."

"சொல்றேண்ணே."

போலீஸ்காரன் "போதும் பேசினது" என்றான். அதற்குமேல் அவர்கள் பேசவில்லை.

பிலிமோனுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. டோர்கஸ் சாட்சி சொல்ல மறுத்தும் கிடைத்தது. பார்த்தவர்கள் அத்தனை பேர், நானும்தான். க்ளெமென்ட்டின் மேல் வழக்கே போடவில்லை. அது ஓடைக்கரையில் இன்றும் பேச்சு. சங்கம் கூடி, பேருரையை இனி நடத்துவதில்லை என்று முடிவுசெய்தது. இசபெல் உறவுக்காரர்கள் டோர்கஸின் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். வீர மரணம் அடைந்தவரை வீட்டுப்பெண்ணே தீ வைத்தவராக்கிவிட்டாள் என்று அவர்களுக்கு ஆத்திரம்.

காயம் ஆறியதும் அவள் நிலத் தீர்ப்பாயத்துக்குப் போனாள். லுங்காவேராக் குடும்பங்களுக்குப் பட்டா இருந்தது, அதை அழித்தது அரசாங்க அலுவலகமே, ஆகவே தாள் இல்லாமல் சாட்சிகளை வைத்து அவர்கள் வழக்கை விசாரிக்கவேண்டும் என்று சத்தியம் செய்து சொன்னாள். அந்தச் செய்தி வானொலியில் வந்த மறுநாள் அவள் வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றையும் கல்லால் உடைத்தார்கள். நாயைக் கொன்று படியில் போட்டிருந்தார்கள். செட்ரிக் அவளிடம், "கொஞ்ச நாள் ஊருக்குப் போய் இரும்மா" என்றார். "எந்த ஊருக்கு சார்?" என்று கேட்டாள்.

தீர்ப்பாயம் முதல்முறை லுங்காவேராவிலேயே உட்கார்ந்தது. அவளை அழைத்துப்போனது நான்தான். பாலம் தாண்டியதும் கல் வந்து முன்கண்ணாடியில் விழுந்தது. அடுத்த கல் என் கதவில். சாலையோரம் நின்றவர்கள் இப்போது அந்த நிலங்களில் இருப்பவர்கள். அவர்களுக்கும் அங்கே பிறந்த பிள்ளைகள் உண்டு. ஒரு கிழவர் வண்டிக்கு முன்னால் வந்து நின்றார்.

"எங்களைத் துரத்தறதுக்கா வந்திருக்க?"

"இல்ல தாத்தா. நடந்ததைச் சொல்ல வந்திருக்கேன்."

"சொன்னா மறுபடியும் வெட்டு விழும்."

"சொல்லாததாலயும் விழுந்துச்சு," என்று இரண்டு விரல் போன கையைத் தூக்கிக் காட்டினாள். கிழவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தரையில் துப்பிவிட்டு ஒதுங்கினார்.

அவள் நாள் முழுக்கச் சாட்சி சொன்னாள். பிலிமோனைச் சிறை வண்டியில் கொண்டுவந்திருந்தார்கள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், தலையசைக்கவில்லை. விசாரணை ஒரு வருஷத்துக்குமேல் இழுத்தது. சில குடும்பங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிலிமோனுக்கு எண்ணெய்ப்பனை நிலம் திரும்பவில்லை, வீடு இருந்த மனை மட்டும் கிடைத்தது. அவர் வெளியே வருவதற்குள் அவருடைய மனைவி ஓடைக்கரையை விட்டுவிட்டு அங்கே போய்க் கூரை போட்டுவிட்டாள். இரண்டு முறை அந்தக் கூரையைக் கொளுத்தினார்கள். மூன்றாம் முறை தகரம் போட்டாள்.

க்ளெமென்ட் பல மாதங்கள் அக்காவோடு பேசவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது ஏணிமேல் நின்று ஜன்னலுக்குப் புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தான். கீழே நின்று டோர்கஸ் இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் தோளைத் தூக்க முடியலக்கா," என்றான், என்னைப் பார்த்துக்கொண்டே.

"மெதுவா மாட்டு, ஒண்ணும் அவசரமில்ல," என்றாள் டோர்கஸ்.